அட்மாஸா, டிடிஎஸ்ஸா? அதற்கு முன்னால் உங்கள் அறையில் போய் உட்காருங்கள்

முதல்முறை ஹோம் தியேட்டர் அமைக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டால்பி அட்மாஸ் எடுக்கலாமா, டிடிஎஸ் எடுக்கலாமா, இல்லை 7.1 போதுமா?" ஒரே மூச்சில் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குள் மூன்று வேறு விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. ஸ்பீக்கர்களை எத்தனை, எங்கே வைப்பது என்பது ஒன்று. படத்தின் ஒலியை எந்த விதத்தில் பொதிந்து அனுப்புகிறார்கள் என்பது இன்னொன்று. கோடெக் அல்லது ஃபார்மட் என்பது அதுதான்; டால்பி, டிடிஎஸ் என்ற பெயர்கள் இங்கே வருபவை. அந்தப் பொதி எந்தக் கேபிள் வழியாக ரிசீவருக்கு, அதாவது ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு, வந்து சேர்கிறது என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

எதை முதலில் முடிவு செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், அதற்குப் பிறகு வழி. ஃபார்மட் என்பது இவை மூன்றும் சரியானால் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் அச்சடித்த லோகோவைப் பார்த்து ரிசீவரை வாங்கிவிட்டு, அதற்கேற்ப அறையை வளைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதல் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

5.1.2 என்று எழுதியிருந்தால், முதல் எண் காது மட்டத்தில் உங்களைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்கள்: முன் இடது, சென்டர், முன் வலது, இரண்டு சரவுண்ட். நடு எண் தாழ் ஒலிக்கான சப்வூஃபர். கடைசி எண் தலைக்கு மேலிருந்து ஒலி தரும் ஸ்பீக்கர்கள். 7.1 என்றால் பின்புறம் இரண்டு கூடுதல், மேலே எதுவும் இல்லை. 5.1.4 என்றால் மேலே நான்கு.

அந்த ".1" பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. ஸ்பீக்கர் கணக்கில் அது சப்வூஃபரைக் குறித்தாலும், படத்தின் ஒலியில் அது அந்தப் பெட்டிக்கான பெயர் அல்ல. எல்எஃப்இ என்ற தனி ஒலித்தடம். வெடிச்சத்தம், நிலநடுக்கம் போன்ற தாழ்ந்த அதிர்வுகளுக்காகவே ஒலிப்பதிவாளர்கள் ஒதுக்கி வைத்திருப்பது. 120 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் எல்லை. மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி அமைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டு சப்வூஃபர் இதை மட்டும் வாசிப்பதில்லை. மற்ற ஸ்பீக்கர்களால் தர முடியாத தாழ் ஒலியையும் ரிசீவர் அதற்கே திருப்பிவிடுகிறது. அதனால் ஒரு படத்தில் எல்எஃப்இ தடம் காலியாக இருந்தாலும் சப்வூஃபருக்கு வேலை இருக்கும்.

இரண்டாம் படி: டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

எங்கே உட்கார்ந்து படம் பார்ப்பீர்களோ அந்த இருக்கையில், காது இருக்கும் உயரத்தில்தான் எல்லா அளவும் தொடங்குகிறது. கடையில் நின்றுகொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது.

முன் இடது, முன் வலது ஸ்பீக்கர்கள் நேர்கோட்டிலிருந்து ஆளுக்கு 22 முதல் 30 பாகை விலகியிருக்க வேண்டும். பாகைமானி தேவையில்லை, ஒரு நூல் போதும். இருக்கையிலிருந்து இடது ஸ்பீக்கர் வரை நூலைப் பிடித்து வெட்டுங்கள். அதே நூல் வலது ஸ்பீக்கர் வரையும் எட்ட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவிலும் அதே நூல் சரியாகப் பொருந்தினால் ஆளுக்கு 30 பாகை. 3 மீட்டர் தூரத்தில் உட்காருகிறவருக்கு இரு ஸ்பீக்கர்களும் 3 மீட்டர் விலகியிருக்கும். அறையில் அவ்வளவு அகலம் இல்லையென்றால் சுமார் 2.25 மீட்டர் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் முன்மேடை சுருங்கி, எல்லாச் சத்தமும் டிவிக்குள்ளிருந்தே வருவது போலாகிவிடும்.

சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 5.1-இல் பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால், முன்பக்கத்திலிருந்து 110 பாகை அளவில் இருப்பது நல்லது. 7.1 வேண்டுமென்றால் பக்க ஸ்பீக்கர்கள் 90 முதல் 110 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 பாகையிலும் நிற்க வேண்டும். அதாவது உங்களுக்குப் பின்னால் உண்மையான காலி இடம் வேண்டும்.

இங்கேதான் பல அறைகள் தங்கள் விடையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறதா? அப்படியானால் 7.1 உங்களுக்கானது அல்ல. பின் ஸ்பீக்கர்களைத் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தால், அவை காதிலேயே கத்தும். பக்க ஸ்பீக்கர்களின் வேலையையும் கெடுக்கும். சோபாவை ஒரு மீட்டராவது முன்னுக்கு இழுக்க முடிந்தால் கதை வேறு. முடியாதென்றால் சரவுண்ட் ஸ்பீக்கர்களை நேர் பக்கவாட்டில், 90 பாகையில் வைத்துவிட்டு நிம்மதியாக 5.1-இல் இருங்கள். சோபாவை அரை மீட்டர் நகர்த்தினாலும் தாழ் ஒலியில் பெரிய மாற்றம் தெரியும். சுவரோரத்தில்தான் பேஸ் திரண்டு மொத்தமாக ஒலிக்கும்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஸ்பீக்கர் பதிக்க அனுமதியும் வசதியும் உண்டா? இல்லையென்றால், முன் ஸ்பீக்கர்களின் தலையில் வைத்துக் கூரையை நோக்கி ஒலியை அனுப்பி எதிரொலிக்க வைக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதற்குக் கூரை தட்டையாகவும் கடினமாகவும், சுமார் 2.3 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் உயரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சாய்ந்த கூரை, ஆழமான உத்தரங்கள், ஒலியை உறிஞ்சும் பலகை வேய்ந்த ஃபால்ஸ் சீலிங் இவற்றில் எது இருந்தாலும் அந்த வகை ஸ்பீக்கரை வாங்காதீர்கள். எதிரொலி திரும்பி வர வழியே இருக்காது. அலமாரித் தட்டுக்குள் அதை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேல் தட்டில் முட்டி ஒலி அங்கேயே நின்றுவிடுகிறது.

மூன்றாம் படி: எத்தனை ஸ்பீக்கர்?

கையில் இருக்கும் பணத்தை ஏழெட்டு ஸ்பீக்கர்களுக்குச் சமமாகப் பங்கிடாதீர்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. கூடவே பாத்திரங்களின் காலடி, கதவுச் சத்தம், திரையின் நடுவில் நடக்கும் எல்லாமே அதில்தான். அது மலிவாக இருந்தால், பின்னால் ஆறு ஸ்பீக்கர் நின்றாலும் "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே படம் பார்க்க வேண்டியதுதான். நல்ல முன் மூன்று ஸ்பீக்கர்களும் ஒரு நல்ல சப்வூஃபரும் சேர்ந்த 3.1, சுமாரான ஒன்பது ஸ்பீக்கர்களைவிட மேல். இதை அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முன் மூன்றும் ஒரே தொடரைச் சேர்ந்தவையாக வாங்குங்கள். ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் அதன் குரல் மாறக் கூடாது. அடுத்து சப்வூஃபர். அடுத்து ஒரு ஜோடி சரவுண்ட். இவை சிறியதாக இருக்கலாம். இதோடு 5.1 முடிந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே நிறைவான இடம். இங்கே நின்றுவிட்டால் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அதற்கு மேல் போக விரும்பினால், ஏழு ஆம்ப் சேனல் உள்ள, அதாவது ஏழு ஸ்பீக்கர்களை இயக்கக்கூடிய, ரிசீவர் ஒன்று இரண்டு வழி தரும்: 7.1 அல்லது 5.1.2. அதே ஆம்ப்கள், அதே ஸ்பீக்கர் எண்ணிக்கை. எதை எடுப்பது? பின்னால் நிறைய இடம் இருந்து, கூரையைத் தொட முடியாதென்றால் 7.1. மற்ற எல்லா நிலையிலும் நான் 5.1.2 பக்கம்தான். 5.1-இலேயே பின்பக்கச் சூழலை மனம் ஓரளவு நிரப்பிக்கொள்கிறது. ஆனால் தலைக்கு மேல் மழை பெய்வதைக் காது மட்டத்தில் நிற்கும் எந்த ஸ்பீக்கரும் அதே போலத் தர முடிவதில்லை. அந்த இரண்டு மேல் ஸ்பீக்கர்கள் தலைக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால், முன் இடது வலது ஸ்பீக்கர்கள் நிற்கும் அதே அகலத்தில் வரவேண்டும்.

5.1.4 வேண்டுமென்றால் ஒன்பது ஆம்ப் சேனல் தேவை. அட்டையில் அட்மாஸ் என்று எழுதியிருப்பதாலேயே எல்லா ரிசீவரும் நான்கு மேல் ஸ்பீக்கர்களை இயக்கிவிடாது. ஆம்ப் சேனல்கள் எத்தனை என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு முக்கியமான உயர விஷயம். பழைய 5.1 வழக்கப்படி சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதுக்கு இரண்டு அடி மேலே மாட்டுவார்கள். மேல் ஸ்பீக்கர்கள் சேர்ந்த பிறகு அது கூடாது. காது மட்டத்துக்கும் கூரை மட்டத்துக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இருந்தால்தான் ஹெலிகாப்டர் மேலேறுவது மேலேறுவதாகக் கேட்கும். சரவுண்டைக் காது உயரத்துக்கு இறக்குங்கள்.

நான்காம் படி: இப்போது ஃபார்மட்டுக்கு வருவோம்

டால்பியா டிடிஎஸ்ஸா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. இது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைய ஏவி ரிசீவர்களில் பெரும்பாலானவை இரண்டையும் வாசிக்கும். அதே ஸ்பீக்கர்கள், அதே இடங்கள். எது வரவேண்டும் என்பதைப் படத்தை வெளியிட்டவர் முடிவு செய்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது வருவதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பது மட்டுமே.

ஆனாலும் என்ன வருகிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. டால்பி டிஜிட்டல் 1992-இல் திரையரங்குக்கும், அதற்கு அடுத்த ஆண்டே டிடிஎஸ்ஸும் வந்தன. இரண்டுமே ஒலியைச் சுருக்கி அனுப்புபவை. சுருக்கும்போது காதுக்கு எளிதில் தெரியாத பகுதிகளைக் கழித்துவிடுகின்றன. டால்பி டிஜிட்டலின் உச்சம் நொடிக்கு 640 கிலோபிட். டிவிடியில் 448 கிலோபிட் வரைதான். அதற்கு அடுத்த தலைமுறை டால்பி டிஜிட்டல் பிளஸ். நீங்கள் ஸ்ட்ரீமிங்கில் படம் பார்க்கிறவர் என்றால் பெரும்பாலும் உங்களுக்கு வருவது இதுதான். நெட்ஃபிளிக்ஸ் தன் 5.1 ஒலியை 640 கிலோபிட் வரையிலும், அட்மாஸை 768 கிலோபிட் வரையிலும் தருவதாக 2019-இல் அறிவித்தது.

ப்ளூரே தட்டில் வருவது வேறு வகை: டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ. இவையும் சுருக்குகின்றன, ஆனால் எதையும் கழிப்பதில்லை. விரித்தால் ஸ்டுடியோ தந்த தடம் ஒரு துளி குறையாமல் திரும்பக் கிடைக்கும். டிடிஎஸ்-எச்டியின் உள்ளே பழைய டிடிஎஸ் ஒன்று அடங்கியிருக்கிறது. அதனால் பழைய ரிசீவருக்குப் போனாலும் அது ஊமையாகாது, சாதாரண டிடிஎஸ்ஸாக ஒலிக்கும்.

கழித்துச் சுருக்கியதற்கும் முழுமையானதற்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் தெரியும்? அமைதியான அறையில், நல்ல ஸ்பீக்கரில், கவனித்துக் கேட்டால் தட்டின் ஒலி திடமாகவும் விசாலமாகவும் இருப்பதாகவே நான் உணர்ந்திருக்கிறேன். ஆனால் சென்டர் ஸ்பீக்கரை அலமாரியின் உட்குழியிலிருந்து விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கிச் சாய்த்தபோது எனக்குக் கிடைத்த வித்தியாசம் அதைவிடப் பெரியது. தட்டுகள் சேகரிக்காதவர்கள் இந்த விஷயத்தில் மனவருத்தப்பட வேண்டாம்.

அட்மாஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2012-இல் திரையரங்குக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்த இது, பழைய வழியிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. பழைய முறையில் ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கு எழுதி அனுப்புவார். அட்மாஸில் சத்தத்தோடு "இந்த நொடியில் இது அறையின் இந்த மூலையில், இந்த உயரத்தில்" என்ற குறிப்பும் பயணம் செய்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது, அவை எங்கே என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் ரிசீவர், அந்தக் குறிப்பைப் பார்த்து ஒலியைப் பங்கிடுகிறது. அதனால்தான் ரிசீவரில் ஸ்பீக்கர் அமைப்பைச் சரியாகப் பதிவு செய்வது இவ்வளவு முக்கியம். 2015-இல் வந்த டிடிஎஸ்:எக்ஸும் இதே எண்ணத்தில் உருவானது. அட்மாஸுக்கு வைத்த அதே மேல் ஸ்பீக்கர்கள் அதற்கும் போதும்.

அட்மாஸ் தனிக் கோடெக் அல்ல என்பதையும் கவனியுங்கள். ஸ்ட்ரீமிங்கில் அது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸின் தோளிலும், ப்ளூரேயில் ட்ரூஎச்டியின் தோளிலும் ஏறி வருகிறது. இந்த ஒரு விவரம் அடுத்த படியில் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: வழி

என் வீட்டில் முதன்முதலாக 5.1 அமைத்த சமயம். பின் ஸ்பீக்கர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தன. நானும் மகிழ்ச்சியாகப் பல மாதம் படம் பார்த்தேன். ஒருநாள் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பார்த்தபோது, உள்ளே வருவது இரண்டு சேனல் பிசிஎம், அதாவது கோடெக்கில் பொதியாத நேரடி டிஜிட்டல் ஒலி, என்று திரை காட்டியது. டிவியின் ஒலி அமைப்பு பிசிஎம்மில் நின்றிருந்தது. படத்தின் 5.1 தடத்தை டிவி ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்ப, ரிசீவர் அந்த ஸ்டீரியோவைத் தன் கணக்குப்படி ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பியிருக்கிறது. அப்படிச் சுருக்கும்போது எல்எஃப்இ தடம் பொதுவாக விடுபட்டுவிடும். பேஸ் ஏன் மெலிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பின்னால் சத்தம் வருவதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று நம்பாதீர்கள். இன்ஃபோ பட்டன்தான் சாட்சி.

இனி, கேபிள்கள். ஆப்டிகல் கேபிள் வழியாக ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 இவ்வளவுதான் போகும். டிஜிட்டல் பிளஸ்ஸும் அட்மாஸும் போகாது. எச்டிஎம்ஐ ஏஆர்சி, 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. டிவியிலிருந்து ரிசீவருக்கு அதே கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும். இன்றைய டிவிகளில் பெரும்பாலும் இது டிஜிட்டல் பிளஸ்ஸைக் கடத்துகிறது. அதன் தோளில் ஏறிய அட்மாஸையும் சேர்த்துத்தான். ட்ரூஎச்டியும், பல சேனல் பிசிஎம்மும் ஏஆர்சியில் போகாது. அவற்றுக்காகத்தான் 2017-இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் இஏஆர்சி வந்தது.

ஆக, டிவியின் ஆப்களில் மட்டும் படம் பார்க்கிறவருக்கு, டிவி அட்மாஸைக் கடத்துமென்றால், ஏஆர்சியே போதும். இஏஆர்சி இல்லை என்பதற்காக நன்றாக ஓடும் டிவியை மாற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ப்ளூரே பிளேயரோ கேம் கன்சோலோ டிவியில் செருகியிருந்தால் மட்டுமே அது அவசியமாகிறது. கன்சோல்கள் ஒலியைப் பல சேனல் பிசிஎம்மாக அனுப்பக்கூடியவை. ஏஆர்சியில் அது ஸ்டீரியோவாகச் சுருங்கிவிடலாம்.

அதைவிட நேரான வழி ஒன்று உண்டு. பிளேயரையும் கன்சோலையும் ரிசீவரிலேயே செருகி, அங்கிருந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புங்கள். டிடிஎஸ் தடங்களுக்கு இது மிக நல்லது, ஏனென்றால் டிடிஎஸ்ஸைக் கடத்தாத டிவி மாடல்கள் நிறைய இருக்கின்றன. ரிசீவர் பழையதாக இருந்து 4கே எச்டிஆர் படத்தைத் தாங்காதென்றால், இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள பிளேயர் உதவும்: ஒன்று டிவிக்குப் படம், மற்றொன்று ரிசீவருக்கு ஒலி.

பிறகு அமைப்புகள். டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்பதைப் பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஏஆர்சி வேலை செய்ய இரு பக்கமும் எச்டிஎம்ஐ கன்ட்ரோல் இயங்க வேண்டியிருக்கும். ப்ளூரே பிளேயரில் ஒலியைப் பிட்ஸ்ட்ரீமுக்கு (பொதியை அவிழ்க்காமல் அப்படியே அனுப்புவது) வைத்து, செகண்டரி ஆடியோவை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், மெனு பட்டன்களின் சத்தத்தையும் இயக்குநரின் விளக்க உரையையும் கலப்பதற்காகப் பிளேயரே தடத்தை அவிழ்த்துக் கலந்து மறுபடி பொதியும். அட்மாஸின் இடக் குறிப்புகள் அங்கே தொலைந்துவிடும்.

ஆறாம் படி: அறைக்கு ஏற்ப ட்யூன் செய்வது

ரிசீவரோடு வரும் மைக்கை ஒரு ட்ரைபாடில், காது உயரத்தில் நிறுத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள்; சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு அளக்க விடுங்கள்.

முடிந்ததும் அது எழுதியிருப்பதை ஒருமுறை சரிபாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது 34 செ.மீ. வித்தியாசம் ஒரு மில்லிநொடி. ஸ்பீக்கர் தூரங்கள் டேப்பில் அளந்ததோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையானதைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள்; அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று தரும் தாமதத்தையும் மைக் சேர்த்து அளந்திருக்கிறது, அது சரிதான்.

முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் "லார்ஜ்" என்று எழுதியிருந்தால், "ஸ்மால்" ஆக்கி க்ராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்மால் என்பது ஸ்பீக்கரின் அளவைக் குறைத்துச் சொல்வதல்ல; அதன் தாழ் ஒலியைச் சப்வூஃபர் சுமக்கட்டும் என்று சொல்வது. மிகச் சிறிய சரவுண்ட் என்றால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ்.

சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய முறை இருக்கிறது, இன்றும் நான் அதைத்தான் செய்கிறேன். சப்வூஃபரை உங்கள் இருக்கையிலேயே தூக்கி வையுங்கள். பேஸ் சீராக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு பேஸ் ஸ்வரமும் சமமாகத் தெளிவாகக் கேட்கிறதோ, சப்வூஃபரின் இடம் அதுதான். மூலையில் சத்தம் அதிகமாக இருக்கும். அதிகமும் நல்லதும் ஒன்றல்ல.

சரவுண்டைக் கொஞ்சம் ஏற்றி வைக்கலாமே என்று முதல் வாரத்தில் கை பரபரக்கும். வாங்கிய பொருள் வேலை செய்வதைக் கேட்கும் ஆசை அது. அப்படியே விட்டுவிடுங்கள், நல்ல கலவையில் சரவுண்ட் பல நிமிடங்கள் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும், அப்படி இருப்பதால்தான் அது பேசும்போது உடல் சிலிர்க்கிறது. ஏற்ற வேண்டியது ஒன்று இருந்தால் அது சென்டர்: வசனம் தெளிவில்லையென்றால் 2 டெசிபல் வரை கூட்டலாம். இரவில் வீட்டில் தூங்குகிறார்கள் என்றால் வால்யூமை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்காமல் நைட் மோடைப் போடுங்கள். அது பெரிய சத்தங்களை அமுக்கி, மெல்லிய வசனத்தைத் தூக்கித் தரும்.

ஏழாம் படி: சரவுண்ட் இல்லாத படங்கள்

உங்கள் சேகரிப்பில் பாதி ஸ்டீரியோவாகவோ மோனோவாகவோ இருக்கும். 1970-களின் நடுவிலிருந்து வந்த டால்பி ஸ்டீரியோ படங்களில் இரண்டு தடங்களுக்குள்ளேயே நான்கு சேனல்களை மடித்து வைத்திருந்தார்கள்: இடது, சென்டர், வலது, சரவுண்ட். வீட்டில் அதைச் சென்டரோடு சேர்த்துப் பிரிக்க 1987-இல் புரோ லாஜிக் வந்தது. இன்றைய ரிசீவர்களில் அந்த வேலையை டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல்:எக்ஸ் என்ற முறைகள் செய்கின்றன. அந்தக் காலத்துப் படங்களுக்கு இவற்றைத் தயங்காமல் போடுங்கள். மடித்ததை விரிக்கிறீர்கள், அவ்வளவே. மோனோ படம் சென்டரில் மட்டும் கேட்டால் அது பழுதல்ல. பாட்டு கேட்கும்போது நான் ஸ்டீரியோவிலேயே விட்டுவிடுவேன். ஸ்டீரியோவாகக் கலந்த பாட்டின் நடுவில் நிற்கும் குரலை ஏழு ஸ்பீக்கரில் சிதறடிக்க எனக்கு மனம் வருவதில்லை. அட்மாஸிலேயே கலந்து வெளியாகும் பாட்டுகளுக்கு மட்டும் எல்லா ஸ்பீக்கரையும் திறக்கலாம்.

சவுண்ட்பார் போதும் என்று நினைப்பவர்களுக்கு

தனி ரிசீவருக்கோ கேபிள்களுக்கோ இடமில்லாத வீடுகள் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெட்டியில் உள்ள அட்மாஸ் லோகோ, அந்த ஃபார்மட்டைப் படிக்கத் தெரியும் என்பதை மட்டுமே சொல்கிறது. கூரை நோக்கிய ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறதா, வெறும் கணக்கால் உயரத்தைப் போலச் செய்கிறதா என்று பாருங்கள். என் சிபாரிசு, தனி சப்வூஃபரும் பின்னால் வைக்கும் உண்மையான இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து வருவது. பின்னாலிருந்து வரவேண்டியதைச் சுவரில் மோதவிட்டு வரவழைப்பது எல்லா அறையிலும் நடக்காது.

கடைசியாக, இன்னும் சுவருக்கு வண்ணம் பூசாதவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இப்போது 5.1 மட்டும் என்று முடிவு செய்திருந்தாலும், தலைக்கு மேல் நான்கு இடங்களுக்கும் பின்சுவரின் இரண்டு இடங்களுக்கும் ஸ்பீக்கர் வயரை இப்போதே இழுத்து, பெட்டி வைத்து மூடிவிடுங்கள். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவில் எச்டிஎம்ஐ கேபிளை நேராகப் பூசிவிடாமல், பின்னால் மாற்ற வசதியாக அகலமான குழாய் ஒன்றைப் பதியுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் அது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டி, பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் எல்லாச் சுவர்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.